பிளாஸ்டிக் மாடல் கிட் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானம், டாங்க், கப்பல் என்று பிளாஸ்டிக் கிட்களை வாங்கி, ஒட்டி, வண்ணமடித்து, நிஜம்போலச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் அதிகம் கட்டுவது விமானங்களும் டாங்க்குகளும்தான். உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி, பசை, பெயிண்ட் எல்லாவற்றையும்விட இந்த வேலையில் பெரிது, நிஜப் பொருளை உற்றுப் பார்ப்பது. கீழே உள்ள பல பதில்கள் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

பெட்டியில் 1/72, 1/48, 1/35 என்று போட்டிருக்கிறதே, எதில் தொடங்கலாம்?

நிஜத்தில் 72 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ. ஆக வந்தால் அது 1/72. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். 1/72-ல் அது சுமார் 15.6 செ.மீ., 1/48-ல் 23.4 செ.மீ. இந்த அளவுகள் அடி, அங்குலக் கணக்கிலிருந்து வந்தவை. ஆறடி ஆள் 1/72-ல் ஓர் அங்குலம் இருப்பான். 1/48-ல் ஓர் அடி கால் அங்குலமாகும். 1942-ல் அமெரிக்கக் கடற்படை, எந்த விமானம் யாருடையது என்று பார்த்தவுடன் அடையாளம் காணும் பயிற்சிக்காகப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாடல்களைச் செய்து தரும்படி கேட்டது. அவையும் 1/72 அளவில்தான்.

டாங்க்குகளுக்கான 1/35 வேறு வழியாக வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனம் ஓடக்கூடிய பேந்தர் டாங்க் கிட் ஒன்றைச் செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி உடலின் அளவைத் தீர்மானித்தார்கள். கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய 1/35 ஆக இருந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன.

முதல் கிட்டுக்கு என் பரிந்துரை, இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஒற்றை இன்ஜின் போர் விமானம், 1/72-ல். பாகங்கள் குறைவு, மேசையில் இடம் அடைக்காது, விலையும் தாங்கும். சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடுகிற வயது வந்துவிட்டதென்றால் தயங்காமல் 1/48-க்குப் போங்கள். கப்பல் ஆசை உள்ளவர்கள் முதலில் அலமாரியை அளந்து பாருங்கள். 263 மீட்டர் நீளமுள்ள யமாட்டோ போர்க்கப்பல் 1/700-ல் முப்பத்தேழரை செ.மீ.; 1/350-ல் முக்கால் மீட்டர்.

எந்த நிறுவனத்தின் கிட் நல்லது?

பாகம் பாகத்தோடு சண்டையில்லாமல் பொருந்துவதில் டமியாவுக்கு நல்ல பெயர் உண்டு, அது நியாயமான பெயர்தான். ஷிசுவோகா நகரத்து நிறுவனம் அது. ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று மற்ற பெரிய ஜப்பானிய நிறுவனங்களுக்கும் ஷிசுவோகா மாகாணம்தான் இடம். செக் குடியரசின் எட்வார்ட் நுணுக்கத்தில் கெட்டி. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1950-களிலேயே 1/72 ஸ்பிட்ஃபயரை விற்ற நிறுவனம். சில வருடங்களாக அதன் பல பெட்டிகளில் ‘மேட் இன் இந்தியா’ என்று பார்க்கலாம்.

ஆனால் நிறுவனத்தின் பெயரைவிட, அந்தக் கிட்டின் அச்சு எந்த வருடத்தில் வெட்டப்பட்டது என்பதுதான் முக்கியம். பெட்டியின் படம் புதிதாக இருக்கும், உள்ளே ஐம்பது வருடப் பழைய அச்சில் வார்த்த பாகங்கள் இருக்கும். பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) பள்ளமாக இல்லாமல் மேடாகத் துருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பழைய அச்சு. வாங்குவதற்கு முன் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் பெயரைப் போட்டுப் பாருங்கள். எந்த அச்சு, எந்த வருடம், எந்தெந்தப் பெட்டிகளில் திரும்ப வந்தது என்று வரிசையாகக் காட்டும்.

இந்தியாவில் கிட்கள் ஏன் இவ்வளவு விலை?

சுங்கவரிப் பட்டியலில் ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. இது போதாதென்று 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமானது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக வந்த விதி அது, நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரியவர்களின் பொழுதுபோக்கான கிட்களும் அதே வலையில் சிக்கின. வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால், வெளிநாட்டிலிருந்து ஆர்டர் செய்யும் அன்று என்ன விகிதம் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பெயிண்ட், தின்னர், பசை மூன்றையும் உள்நாட்டிலேயே வாங்குங்கள். தீப்பற்றும் பொருட்களை விமானப் பார்சலில் ஏற்றமாட்டார்கள்.

தொடங்க என்னென்ன கருவிகள் வேண்டும்?

கொஞ்சம்தான். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் நல்ல நிப்பர் (சிறு வெட்டுக்குறடு) ஒன்று. கத்திக்கு ஹாபி கடையைத் தேட வேண்டியதில்லை. மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் 3-ம் எண் கைப்பிடியும் 11-ம் எண் பிளேடும் கேளுங்கள். கூர்மையில் அதை மிஞ்ச முடியாது, விலையும் குறைவு. ஹார்டுவேர் கடையில் 400, 600, 1000, 2000 எண்களில் வாட்டர் பேப்பர். மரவேலைக்கான உப்புத்தாள் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் கிட்டுக்கான மெல்லிய பசை, மாஸ்கிங் டேப், இரண்டு மூன்று நல்ல பிரஷ், ஒரு ட்வீஸர். அப்புறம் வெளிச்சம். பகல் வெளிச்ச நிறத்தில் ஒரு மேசை விளக்கு இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

அடுத்ததாக வாங்க ஒரே ஒரு பொருள் சொல்லச் சொன்னால், பின் வைஸ் என்னும் கையால் சுழற்றும் குட்டி டிரில்லைச் சொல்வேன். 0.3 முதல் 1 மி.மீ. வரையிலான பிட்கள் போதும். துப்பாக்கிக் குழல்களின் நுனியிலும் எக்ஸாஸ்ட் குழாயின் வாயிலும் துளை போட்டால், அந்த ஒரு வேலையிலேயே மாடலுக்கு உயிர் வந்துவிடும்.

எந்தப் பசை எதற்கு?

கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதற்கான மெல்லிய பசை உண்மையில் ஒரு கரைப்பான். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி, இரு பாகங்களையும் ஒன்றோடொன்று கலக்கவைத்துவிட்டு ஆவியாகிப் போய்விடும். ஆகவே பசையைத் தடவிவிட்டு ஒட்டக் கூடாது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பின்மேல் பிரஷ்ஷின் நுனியால் தொட்டால் போதும். பசை தானாக இடுக்குக்குள் ஓடும். ஒட்ட வேண்டிய விளிம்பில் பெயிண்ட் இருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள். பெயிண்டைக் கரைப்பதிலேயே பசை தீர்ந்துபோகும், பிளாஸ்டிக்கைத் தொடாது.

நுணுக்கத்துக்காகத் தனியாக வாங்கும் பித்தளைத் தகட்டிலும் ரெசின் பாகத்திலும் இந்தப் பசை வேலை செய்யாது. அங்கே ஃபெவிக்விக் வகைப் பசைதான். பாட்டிலிலிருந்து நேராக விடாமல், ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி நுனியால் எடுத்து வையுங்கள். ஆறியபின் நாள்கணக்கில் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும் என்பதால், தேய்க்க வேண்டியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். இந்தப் பசையைக் கண்ணாடிப் பாகங்களின் அருகில் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி படிந்து, விமானியின் தலைக்கு மேல் உள்ள கனோபி வெள்ளையாகப் பூத்துவிடும். கனோபிக்குச் சாதாரண ஃபெவிகால் நல்லது. காய்ந்தால் நிறமில்லாமல் போகும், வழிந்தாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

இரண்டு பாதிகளை ஒட்டியபின் நடுவில் கோடு தெரிகிறதே?

உடலின் இரண்டு பாதிகளிலும் பசையை ஓடவிட்ட அரை நிமிடத்தில் மெல்ல அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வரும். அதைத் துடைக்காமல் ஒன்றிரண்டு நாள் காயவிட்டு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 400, 600, 1000 என்று படிப்படியாகத் தேயுங்கள். பெரும்பாலான கோடுகள் இதிலேயே மறையும். பள்ளம் இருந்தால் மட்டும் பட்டி. சுவருக்குப் பெயிண்டர் வைப்பதுபோல அகலமாக அப்பாமல், பள்ளத்தின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவில் மட்டும் வையுங்கள். பிறகு சாம்பல் நிற பிரைமர் ஒரு கோட் அடித்தால், கண்ணுக்குத் தப்பிய கோடெல்லாம் வெளியே வரும்.

பசை போடும் முன் ஒவ்வொரு பாகத்தையும் சும்மா பொருத்திப் பார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள். பட்டி தேவைப்படும் இடங்களில் பாதி, ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய மிச்சம் உள்ளே இடித்துக்கொண்டிருப்பதால் வருபவை. வெட்டும்போதும் பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டாமல், சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு நிப்பரின் தட்டைப் பக்கத்தைப் பாகத்தின் பக்கம் வைத்து இன்னொரு வெட்டு.

எல்லாக் கோடும் அழிக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நிஜ விமானத்திலும் ஒரு தகட்டு இணைப்பு இருக்கலாம். அதை மெனக்கெட்டு மூடிவிட்டால் பிறகு திரும்பக் கீற வேண்டிவரும். படத்தைப் பார்த்துவிட்டுப் பட்டியை எடுங்கள். டயர், பீரங்கிக் குழல், எக்ஸாஸ்ட் குழாய் ஆகியவற்றின் மேல் ஓடும் அச்சுக்கோடு மட்டும் எந்த வண்டியிலும் இருக்காது. அவற்றைக் கண்டிப்பாக எடுத்தாக வேண்டும்.

பிரஷ் போதுமா, ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் கருவி) வாங்கித்தான் ஆக வேண்டுமா?

முதல் சில கிட்களுக்குப் பிரஷ் போதும். வயேஹோ (Vallejo) போன்ற தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லியதாக மூன்று கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது, திசையை மாற்றி மாற்றி. முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். டமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷுக்கு அருமை; பிரஷ்ஷில் அடித்தால் இரண்டாவது கோட் முதல் கோட்டைக் கரைத்து இழுத்துவிடும்.

ஏர்பிரஷ் வாங்குவதென்றால் 0.3 மி.மீ. ஊசி, மேலே கிண்ணம் உள்ளது, விசையை அழுத்தினால் காற்று, இழுத்தால் பெயிண்ட் வரும் இரட்டைச் செயல் வகை. கம்ப்ரஸரில் காற்றுத் தொட்டி இருக்கட்டும், அழுத்தம் ஏறி இறங்காது. பெயிண்டைப் பால் பதத்துக்குக் கலக்கி 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தொடங்குங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க்கும் என்95-ம் தூசியைத்தான் தடுக்கும். தின்னரின் ஆவி நேராக உள்ளே போகும். இந்த விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மேலே அடித்த வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஏன்?

சென்னை, கடலூர், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதைச் சந்திக்காமல் இருக்க முடியாது. லாக்கர் (lacquer) வகைப் பெயிண்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. அந்த ஈரம் காயாத பெயிண்டுக்குள் சிக்கி வெள்ளைப் புகைபோலத் தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் லாக்கரும் ஸ்ப்ரே கேனில் வரும் மேட் வார்னிஷும் அடிக்காமல் இருப்பது உத்தமம். அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னர் சேருங்கள். ஏசி ஓடும் அறையில் காற்றின் ஈரம் குறைந்திருக்கும். பூத்துப்போனதன்மேல், நல்ல வெயில் நாளில், அதே ரிடார்டர் தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் பல சமயம் தெளிந்துவிடும். ஏர்பிரஷ்ஷுக்குப் போகும் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம் வேண்டும்.

டெகால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களின் படலம்) ஒட்டினால் ஓரத்தில் வெள்ளி மாதிரி மினுங்குகிறது.

மேட் பெயிண்டின் பரப்பு நுண்ணளவில் கரடுமுரடாக இருக்கும். டெகாலுக்கும் அதற்கும் நடுவில் சிக்கும் காற்றுதான் வெளிச்சத்தில் மினுங்குகிறது. டெகாலுக்கு முன் பளபளப்பான கிளியர் கோட் அடித்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை. டெகாலை வெதுவெதுப்பான நீரில் இருபது முப்பது விநாடி வைத்து, காகிதத்திலிருந்து நகர்ந்ததும் மாடலில் வழுக்கிவிட்டு, டெகால் சாஃப்ட்னர் திரவத்தைத் தடவுங்கள். உடனே சுருங்கிக் கோணலாகும். அப்போது கையை வைக்காதீர்கள்; காயக் காயத் தானே படிந்து பேனல் கோடுகளுக்குள் இறங்கும். எல்லாம் முடிந்தபின் மேட் கோட்.

மஞ்சளாகிப்போன பழைய டெகாலுக்கு ஒரு வைத்தியம் உண்டு. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள். மஞ்சள் வெளுத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு இந்த வேலை சுலபம். புது டெகாலைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் வைத்தால் மழைக்காலத்திலும் கெடாது.

நுணுக்கங்கள் சேர்ப்பதற்குப் பித்தளைத் தகடு, ரெசின் பாகம் எல்லாம் வாங்க வேண்டுமா?

வாங்கலாம். எட்வார்டின் வண்ணம் அச்சிட்ட பித்தளை டேஷ்போர்டு போன்றவை கையால் செய்ய முடியாத அளவுக்கு நுட்பமானவை. ஆனால் முதலில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பழைய மின்வயரை உரித்தால் வரும் மெல்லிய தாமிர இழைதான் சக்கரக் காலின் பிரேக் குழாய். மருந்துக் கடையில் கிடைக்கும் புது ஊசியை அளவாக வெட்டினால் 1/48 விமானத்துக்குத் துப்பாக்கிக் குழல். மாஸ்கிங் டேப்பை அரை மி.மீ. அகலத்தில் கீறினால் இருக்கையின் பெல்ட்.

ஆன்டெனா கம்பிக்கு, ஸ்ப்ரூ துண்டு ஒன்றை மெழுகுவர்த்தியின் மேலே, தீயில் படாமல் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து ஒரே சீராக இழுங்கள். தலைமுடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். ஒட்டியபின் தொய்வாக இருந்தால் சுடர் அணைந்து புகையும் ஊதுபத்தியின் நெருப்பு நுனியை ஒரு செ.மீ. தூரத்தில் காட்டுங்கள். இழை சுருங்கி விறைத்துக்கொள்ளும். தொட்டால் அறுந்துவிடும், கவனம்.

இதைவிடப் பெரிய மாற்றம் தருவது, தடித்திருப்பதை மெல்லியதாக்குவது. 1/72 இறக்கையின் பின்விளிம்பு அரை மி.மீ. தடிமன் இருந்தால், நிஜத்தில் அது 36 மி.மீ. என்றாகும். எந்தப் போர் விமானத்தின் பின்விளிம்பும் அவ்வளவு தடியாக இல்லை. ஒட்டும் முன் உட்பக்கத்திலிருந்து தேய்த்து மெல்லியதாக்கினால் காசு செலவில்லாமல் மாடலின் தோற்றமே மாறிவிடும். சக்கரக் கதவுகளுக்கும் இதே கணக்குதான்.

எதை எங்கே சேர்ப்பது என்பதற்கு நிஜத்தின் படம்தான் விடை சொல்லும். தரையில் நிற்கும் பி-51 மஸ்டாங்கில் இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கி, உள்பக்கச் சக்கரக் கதவுகளும் ஃபிளாப்களும் (இறக்கையின் பின்பக்கத்தில் கீழிறங்கும் பலகைகள்) தொங்கிப்போகும். ஸ்பிட்ஃபயரில் அப்படியில்லை, இறங்கியதும் விமானி ஃபிளாப்பை மேலே தூக்கிவிடுவார். கிட் இரண்டுக்கும் ஒரே மாதிரித் திறந்த ஃபிளாப் கொடுத்தாலும் நீங்கள் அதை நம்ப வேண்டியதில்லை.

வெதரிங் (அழுக்கும் தேய்மானமும் காட்டுவது) எவ்வளவு செய்யலாம்? என் மாடல் ஒன்று புதுப் பொம்மை மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் குப்பைமேட்டிலிருந்து எடுத்ததுபோல் இருக்கிறது.

மற்றவர்களின் மாடல்களைப் பார்த்து அழுக்கடிப்பதால் வருகிற பிரச்சினை இது. ஒருவர் மிகைப்படுத்தியதை இன்னொருவர் இன்னும் மிகைப்படுத்துகிறார். நிஜத்தின் படத்தை வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த அழுக்கு இங்கே எப்படி வந்தது?

பெயிண்ட் உரிந்து வெள்ளித் தகடு தெரிவதை எடுத்துக்கொள்வோம். ஸ்பிட்ஃபயரில் விமானி இடப்பக்க இறக்கையில் கால் வைத்து ஏறுவார், ஆயுதக்காரர்கள் துப்பாக்கி மூடிகளைக் கழற்றி மாட்டுவார்கள். அங்கே உரியும். மற்ற இடத்தில் உரிய அவ்வளவு காரணம் இல்லை. மஸ்கிட்டோ விமானமோ பால்சா மரமும் பர்ச் ஒட்டுப்பலகையும் கொண்டு கட்டியது; அதன் உடலில் வெள்ளித் தகடு தெரியவே வழியில்லை. ஹரிக்கேனில் காக்பிட்டுக்குப் பின்னால் உடல் துணியால் மூடியது, அங்கேயும் உலோகம் தெரியாது. பார்க்க அழகாகச் செய்த ஹரிக்கேன்கள் பலவற்றில் வால் பக்கம் முழுக்க வெள்ளிப் புள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பும் ஒரு படத்தைப் பார்க்காததால் வீணாகிறது.

பேனல் கோடுகளும் அப்படித்தான். நிஜ விமானத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவில் 2 மி.மீ. இடைவெளி இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். 1/72-ல் அது 0.03 மி.மீ.கூட வராது. கிட்டில் உள்ள பள்ளமே பல மடங்கு பெரிது. அதில் கறுப்பு வாஷ் (நீர்த்த பெயிண்ட்) ஊற்றினால் விமானம் கட்டம் போட்ட துணிபோல ஆகிவிடும். அடிநிறத்தைவிட இரண்டு படி அடர்ந்த பழுப்போ சாம்பலோ போதும். ஓவியர்களுக்கான ஆயில் பெயிண்டைத் துளி எடுத்துக் கற்பூரத் தைலம்போல் நீர்க்க, மினரல் டர்பென்டைனில் கரைத்து, பளபளப்பான கிளியர் பூச்சின்மேல், பேனல் கோட்டில் மட்டும் தொட்டு விடுங்கள். அக்ரிலிக் பெயிண்டையும் அதன்மேலுள்ள அக்ரிலிக் பூச்சையும் அது கரைக்காது. மஸ்டாங்கில் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். காற்று வழுவழுப்பாக ஓட வேண்டும் என்று, அதன் இறக்கையின் முன்பகுதியில் ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் தொழிற்சாலையிலேயே பட்டி வைத்து மூடி, வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்தார்கள். உடல் பளபளக்கும் வெறும் அலுமினியம், இறக்கை மங்கலான பெயிண்ட். கிட்டில் அங்கே கோடுகள் இருந்தால் நீங்களும் பட்டி வைத்து மூடலாம்.

எக்ஸாஸ்ட் கறை காற்று போகும் வழியில் பின்னால் போகும், எண்ணெய் கசிந்தால் நின்ற இடத்தில் கீழே வழியும், பறக்கும்போது பின்னால் இழுபடும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு ஏர்பிரஷ்ஷை எடுத்தால் கை தானாக அடங்கும். ஸ்பிட்ஃபயரின் இறக்கையில் துப்பாக்கி வாய்களைச் சிவப்புத் துணித் துண்டுகளால் மூடியிருப்பார்கள். சுட்டால் அவை கிழிந்து, பின்னால் கரி படியும். துணி அப்படியே இருந்தால் கரி இருக்கக் கூடாது.

டாங்க்குக்கு நிஜ மண்ணைப் போடலாமா?

போடலாம், ஆனால் சலித்துப் போடுங்கள். 1/35-ல் ஒரு மி.மீ. மண் பருக்கை 35 மி.மீ. ஜல்லி. பழைய வேட்டித் துணியில் சலித்து வரும் மாவுபோன்ற மண்ணை, ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து, சக்கரங்களுக்கு நடுவிலும் அடிப்பகுதியிலும் வையுங்கள். ஈரச் சேறு கருமையாக, பழைய சேறு வெளிறியதாக, இரண்டு நிறத்தில் இருந்தால் நம்பும்படி இருக்கும். தரையில் உரசும் இரும்புச் சங்கிலியின் முகடுகள் மட்டும் தேய்ந்து மினுங்கும். பென்சில் கிராஃபைட்டை விரலில் தேய்த்துத் தடவினால் போதும். டி-34 டாங்க்குக்கு மேல்பக்கச் சங்கிலியைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையாது, சங்கிலி நேராகப் பெரிய சக்கரங்கள்மேல் தொய்ந்து படுத்திருக்கும். விறைப்பாக விட்டுவிட்டால் எவ்வளவு சேறு பூசினாலும் வண்டிக்குக் கனம் வராது.

இந்திய விமானமோ டாங்க்கோ கட்ட ஆசை. எங்கே தொடங்கலாம்?

மிக நல்ல ஆசை. ஆனால் பெட்டிக்குள் இருப்பதை அப்படியே இந்தியச் சின்னம் ஒட்டி முடித்துவிட முடியாது.

1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் போரிட்ட 1-ம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேனுக்கு நல்ல கிட்கள் உண்டு. ஆனால் பர்மா முனையில் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக் கூடாதென்று பிரிட்டிஷ் சின்னத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டு நீலச் சாயைகளில் வட்டம் போட்டார்கள். கிட்டோடு வரும் ஐரோப்பிய டெகால் அங்கே பொருந்தாது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டியது ஒற்றை இருக்கை நாட் (Gnat) போர் விமானம். எளிதில் கிடைக்கும் ஏர்ஃபிக்ஸின் நாட் கிட்டோ இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். உடலும் வேறு, இறக்கையும் வேறு. ஒற்றை இருக்கை வகையைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகும் டி-90 பீஷ்மாவுக்கு, மெங் நிறுவனத்தின் 1/35 டி-90ஏ கிட்டைப் பலர் எடுக்கிறார்கள். அது ரஷ்ய ராணுவத்தின் வகை. பீரங்கியின் இரு பக்கமும் சிவந்த கண்கள்போல இருக்கும் ஷ்டோரா விளக்குகள் இந்திய வண்டியில் கிடையாது, அந்த இடத்தில் வெடிகவசக் கட்டிகள் இருக்கும். பிளாஸ்டிக் தகடு வெட்டிச் செய்துகொள்ளலாம். ஆவடியில் பிறந்த வண்டி நம் மேசையில் சரியாக நிற்க வேண்டுமென்றால் அந்த ஒரு மாலை உழைப்பு தகும்.

மிக்-21 வேண்டுமென்றால் தேர்வு தாராளம். 1963-ல் விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பரில் விடைபெற்ற விமானம் என்பதால், எந்த வகை, எந்த வருடம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு கிட்டைத் தேடுங்கள். நேரில் பார்க்க, பெங்களூரில் எச்ஏஎல் அருங்காட்சியகம் தமிழ்நாட்டிலிருந்து எட்டும் தூரம்தான். எச்ஏஎல் தயாரித்த மாருத் போர் விமானம் உட்பட அங்கே சுற்றி வந்து படமெடுக்கலாம். சக்கரக் குழி, கால்களின் குழாய்கள், எக்ஸாஸ்ட் உள்பக்கம், இவற்றைத்தான் அதிகம் எடுங்கள். முழு விமானத்தின் படம் எங்கும் கிடைக்கும். நிறத்தை மட்டும் அங்கிருந்து எடுக்க வேண்டாம். காட்சிக்கு நிற்கும் விமானங்களுக்கு அவ்வப்போது புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். நிறத்துக்குப் பணியில் இருந்த காலத்துப் படங்களே நம்பகமானவை.

பிள்ளைகளோடு சேர்ந்து கட்டலாமா?

தாராளமாக. பசையும் பெயிண்டும் தேவைப்படாத, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் கிட்கள் இருக்கின்றன. 1980-லிருந்து வரும் பண்டாய் நிறுவனத்தின் கண்டம் (Gundam) ரோபோக்களில் இன்றைய கிட்கள் இந்த வகையில் மிகச் சிறந்தவை. கத்தியும் ஃபெவிக்விக்கும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் கோணலாக ஒட்டியதை அவர்கள் தூங்கியபின் திருத்தி ஒட்டாதீர்கள்.

கட்டி முடித்ததை எப்படிப் பாதுகாப்பது?

கண்ணாடிக் கதவுள்ள அலமாரி, நேர் வெயில் படாத சுவர். நாள்பட்ட வெயிலில் டெகாலும் பெயிண்டும் வெளுக்கும், வார்னிஷும் நிறம் மாறும். தூசியை மேக்கப் போடும் மென்மையான அகலப் பிரஷ்ஷால் முன்னிருந்து பின்னாகத் தட்டுங்கள், ஆன்டெனா பக்கம் மட்டும் ஏர்பிரஷ்ஷின் வெறும் காற்று. மூக்கில் சக்கரம் உள்ள விமானம் வால் தரையில் பட உட்கார்ந்துவிடாமலிருக்க, உடலை மூடும் முன்பே தூண்டில் ஈயக் குண்டுகளை மூக்குக்குள் ஒட்டியிருக்க வேண்டும், மூடியபின் வழியில்லை. வீடு மாறும்போது மாடலைத் துணியில் சுற்றாதீர்கள். அட்டைப்பெட்டியின் அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டி, சக்கரமும் இறக்கை முனையும் எதிலும் படாதபடி உடலின் இரு பக்கமும் ஸ்பாஞ்ச் துண்டுகள் வைத்து அணைகொடுத்து, பெட்டியை வேனில் ஏற்றாமல் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள்.